துடைப்பம் ஏந்திய புனிதரும் கொடுங்கையூரும்

கத்தோலிக்கக் கோயில்களில் இருக்கும் சுரூபங்களைச் சற்று நின்று கவனித்தால், பெரும்பாலான புனிதர்களின் கையில் ஏதாவது ஒன்று இருப்பது தெரியும். ராயப்பர் கையில் சாவி, சின்னப்பர் கையில் வாள், சூசையப்பர் கையில் லீலி மலர், அந்தோணியார் கையில் குழந்தை இயேசு. மார்ட்டின் தே போரஸ் கையில் மட்டும் துடைப்பம். 1579-ல் பெரு நாட்டின் லிமா நகரில் ஸ்பானியத் தகப்பனுக்கும் அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கறுப்பினத் தாய்க்கும் பிறந்தவர் அவர். பிறப்பையும் நிறத்தையும் காரணம் காட்டி, தொமினிக்கன் மடத்தில் அவரை முதலில் துறவியாக ஏற்கவில்லை. எடுபிடி ஆளாகத்தான் உள்ளே போனார். கூட்டினார், முடி வெட்டினார், நோயாளிகளின் புண்ணைக் கழுவிக் கட்டினார். அதே வேலைகளைச் செய்துகொண்டே 1639-ல் இறந்தும் போனார். அவருக்குப் புனிதர் பட்டம் கிடைக்க 1962 ஆகிவிட்டது. ஓவியர்களும் சிற்பிகளும் அவர் செய்ததாகச் சொல்லப்படும் அற்புதங்களை விட்டுவிட்டு, அவர் அன்றாடம் பிடித்த துடைப்பத்தையே அடையாளமாக எடுத்துக்கொண்டார்கள். அன்றாட வாழ்க்கையில் புனிதம் என்பதற்கு ஒரு கத்தோலிக்கர் என்ன பொருள் கொள்ளலாம் என்று யோசிக்க, இந்தத் துடைப்பத்தைவிட நல்ல தொடக்கம் இல்லை. யோசிப்பதற்குச் சென்னையில் பொருத்தமான இடமும் ஒன்று உண்டு. அது கொடுங்கையூர்.

மூலக்கடையிலிருந்து எருக்கஞ்சேரி நெடுஞ்சாலையில் வருகிறவர்களுக்கு ஊரை அறிமுகப்படுத்துவது பல சமயம் மூக்குதான். முந்நூறு ஏக்கருக்கும் மேல் பரந்து கிடக்கிறது மாநகராட்சியின் குப்பைக் கிடங்கு. சென்னை ஒரு நாளில் ஐயாயிரம் டன்னுக்கும் மேல் குப்பை போடுகிறது. அதில் ஏறத்தாழப் பாதி, வட பகுதி மண்டலங்களிலிருந்து லாரி லாரியாக இங்கே வந்து சேர்கிறது. பல பத்தாண்டுகளாகச் சேர்ந்த பழைய குப்பை மட்டுமே 66 லட்சம் டன்னைத் தாண்டும் என்று கணக்கிட்டு, அதைத் தோண்டிப் பிரித்து அகற்றும் வேலை இப்போது நடக்கிறது. கோடையில் கிடங்கு தீப்பிடித்தால் கண்ணதாசன் நகரிலும் எழில் நகரிலும் ஜன்னலைத் திறக்க முடியாது. குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் உலை ஒன்றை இங்கே அமைக்கத் திட்டம் வந்தபோது, 2025-ல் குடியிருப்போர் மனிதச் சங்கிலியாகக் கைகோத்து நின்று எதிர்த்தார்கள். மணலி, எண்ணூர், துறைமுகம் என்று நகரத்துக்கு வேண்டிய, ஆனால் தங்கள் தெருவில் இருக்கக் கூடாது என்று மற்றவர்கள் நினைக்கிற எல்லாம் வடசென்னையில்தான் இருக்கின்றன. அந்த வரிசையில் கடைசியாக, எல்லோரும் கழித்துக்கட்டியது வந்து விழும் இடம் கொடுங்கையூர்.

இங்கே கத்தோலிக்கர்கள் சிறுபான்மையினர்தான். மற்ற ஊர்களில் உள்ளதெல்லாம் இங்கும் உண்டு: ஞாயிறு திருப்பலி, நவநாள், தெருவாரியாகக் கூடிச் செபிக்கும் அன்பியம், செவ்வாய்க்கிழமை அந்தோணியார், சனிக்கிழமை மாதா. பெரம்பூர் லூர்து அன்னை கோயில் எட்டும் தூரத்தில் இருக்கிறது. பக்திக்குக் குறைச்சல் இல்லை. பக்தி கோயிலுக்குள்ளும், வாழ்க்கை கோயிலுக்கு வெளியிலும், இரண்டும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளாமல் கிடக்கின்றனவா என்பதுதான் கேள்வி. புனிதம் சாமியார்களுக்கும் கன்னியருக்கும் உரியது, நமக்கு ஞாயிறு பூசையும் மாதம் ஒரு பாவசங்கீர்த்தனமும் போதும் என்ற எண்ணம் பழைய தலைமுறைக் கத்தோலிக்கர்களிடம் ஆழமாக வேரூன்றியது. திருச்சபையின் போதனையோ வேறு. 1609-லேயே ஜெனிவா ஆயர் பிரான்சிஸ் சலேசியார், இல்லறத்தாருக்காகவே ஒரு பக்தி நூல் எழுதினார். கைத்தொழில் செய்கிறவர் நாள் முழுக்கக் கோயிலில் உட்கார்ந்திருப்பதும், குடும்பஸ்தர் கப்புச்சின் துறவியைப் போலப் பணமே வேண்டாம் என்பதும் பக்தி ஆகாது, கேலிக்கூத்து என்று அதில் வாதிட்டார். பெரம்பூர்க் கோயிலை நடத்தும் சலேசிய சபை அவர் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது. 1964 நவம்பர் 21-ல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், திருச்சபை பற்றிய தன் கோட்பாட்டு ஏட்டில், புனிதத்துக்கு எல்லோரும் அழைக்கப்படுகிறார்கள் என்பதற்கு ஓர் அதிகாரத்தையே ஒதுக்கியது. திருத்தந்தை பிரான்சிஸ் 2018-ல் வெளியிட்ட ‘அகமகிழ்ந்து களிகூருங்கள்’ என்ற ஏடு இன்னும் கீழிறங்கி வந்தது. கடைக்குப் போகும் ஒரு பெண், வழியில் மற்றவரைப் பற்றிப் புறம் பேசாமல் நாவைக் கட்டுவதையும், களைத்து வீடு திரும்பியபின் பிள்ளை சொல்வதைக் காது கொடுத்துக் கேட்பதையும் புனிதத்தின் படிகளாக அது காட்டியது.

அப்படியென்றால் பீடங்களில் ஏன் குருக்களும் கன்னியரும் துறவியருமே நிறைந்திருக்கிறார்கள் என்று வாசகர் கேட்கலாம். நியாயமான கேள்வி. இந்திய மண்ணோடு தொடர்புடைய புனிதர்களின் பட்டியலைப் பாருங்கள்: அருளானந்தர், அல்போன்சா, சாவரா, யூப்ராசியா, ஜோசப் வாஸ், அன்னை தெரசா, மரியம் தெரேசியா. எல்லோருமே குருக்களோ துறவியரோதான். இதற்குக் காரணம் ஆன்மிகத்தைவிட அலுவலக நடைமுறையில் இருக்கிறது என்பது என் எண்ணம். ஒருவருக்குப் புனிதர் பட்டம் வழங்கச் சாட்சிகளை விசாரிக்க வேண்டும். அவர் எழுதியதையெல்லாம் தேடித் தொகுக்க வேண்டும். அவர் பரிந்துரையால் நிகழ்ந்ததாகச் சொல்லப்படும் அற்புதத்தை மருத்துவர்கள் ஆராய வேண்டும். உரோமையில் வழக்கை நடத்த ஆள் வேண்டும். தலைமுறை தாண்டியும் விடாமல் பின்தொடர அமைப்பு வேண்டும். துறவற சபைகளுக்கு இதெல்லாம் உண்டு. கொடுங்கையூர் முத்தமிழ் நகரில் நாற்பது வருடம் பக்கவாதக் கணவனைப் பார்த்துக்கொண்டு பிள்ளைகளையும் கரையேற்றிய ஒரு தாய்க்கு யார் வழக்கு நடத்துவார்கள்? இது திருச்சபைக்கும் தெரியும். நவம்பர் 1-ஐ அனைத்துப் புனிதர் பெருவிழா என்று வைத்திருப்பதே, பட்டியலில் வராதவர்களையும் சேர்த்து நினைப்பதற்குத்தான். பூக்கட்டி மெழுகுவர்த்தி ஏற்றும் மறுநாளான கல்லறைத் திருநாளுக்கு நம் ஊரில் உள்ள கூட்டம் இந்தப் பெருவிழாவுக்கு இருப்பதில்லை என்பது வேறு விஷயம்.

பட்டியலில் ஒரு விதிவிலக்கு உண்டு. அவர் இன்றைய தமிழ்நாட்டைச் சேர்ந்தவர். கன்னியாகுமரி மாவட்டம் நட்டாலத்தில் 1712-ல் பிறந்து, திருவிதாங்கூர் அரண்மனையில் அதிகாரியாக இருந்த நீலகண்டன், டச்சுத் தளபதி டிலனாய் வழியாகக் கிறிஸ்தவத்தை அறிந்து 1745 மே 14 அன்று வடக்கன்குளத்தில் தேவசகாயம் என்ற பெயரில் திருமுழுக்குப் பெற்றார். மணமானவர். மனைவியும் பின்னர் ஞானப்பூ என்று பெயர் பெற்றார். 1752 ஜனவரி 14-ல் ஆரல்வாய்மொழி அருகே காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15-ல் உரோமையில் புனிதராக அறிவிக்கப்பட்டபோது, அந்தப் பெருமை பெற்ற முதல் இந்தியப் பொதுநிலையினர் ஆனார். அவரைப் பற்றிப் பேசுகிறவர்கள் எருமை மேல் ஏற்றி ஊர்வலம் விட்டதையும், சாட்டையடியையும், மிளகாய்ப்பொடியையும், மலைமேல் விழுந்த குண்டையும் சொல்வார்கள். என் கவனம் வேறோர் இடத்தில் நிற்கிறது. அவர் கைதானது 1749 பிப்ரவரியில். திருமுழுக்குக்கும் கைதுக்கும் நடுவில் ஏறத்தாழ நான்கு வருடம் இருக்கிறது. அந்த நான்கு வருடமும் அவர் காட்டுக்கோ மடத்துக்கோ போய்விடவில்லை. அதே அரண்மனை, அதே உத்தியோகம், அதே சகாக்கள். மாறியது அவர் யாரோடு பழகினார், யாரோடு உட்கார்ந்து உண்டார் என்பது. சாதி வரம்பை மீறித் தாழ்த்தப்பட்டோரோடு கலந்தார் என்பது அவர் மேல் எழுந்த கோபத்துக்கு முக்கியமான காரணம் என்று மரபு சொல்கிறது. புனிதர் பட்டத்தின்போது அவர் பெயரோடு ஒட்டியிருந்த ‘பிள்ளை’ என்ற சாதிப் பட்டத்தை வத்திக்கான் நீக்கிவிட்டதற்கும் அதுவே பொருத்தமான காரணம். மலையில் செத்தவரைப் பின்பற்ற எல்லோராலும் முடியாது. உத்தியோகத்தில் இருந்தபடி நான்கு வருடம் வாழ்ந்தவரைப் பின்பற்றலாம்.

இங்கேதான் என் வாதத்தின் மையம் இருக்கிறது. நம் மண்ணில் புனிதம் என்றாலே விலகி நிற்பது என்றொரு பழக்கம் படிந்திருக்கிறது. அழுக்கிலிருந்து விலகு, அழுக்கை அள்ளுகிறவரிடமிருந்தும் விலகு. தீட்டு, மடி, ஆச்சாரம் என்று அதற்கு எத்தனையோ பெயர். மதம் மாறியவர்களும் இந்தப் பழக்கத்தை வாசலில் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வரவில்லை. தேவசகாயம் திருமுழுக்குப் பெற்ற அதே வடக்கன்குளத்தில் பின்னாளில் எழுந்த பெரிய கோயிலில், ஒரு சாதியார் ஒரு பக்கமும் மற்றவர்கள் மறுபக்கமும் நிற்கும்படி பிரிப்புச் சுவர் இருந்தது. 1910-ல் குருக்கள் அதை இடித்தபோது, தங்கள் உரிமை போயிற்றென்று வழக்குப் போட்டுச் சென்னை உயர் நீதிமன்றம் வரை போனார்கள் உயர்சாதிக் கத்தோலிக்கர்கள். நீதிமன்றம் அந்த உரிமையை ஏற்கவில்லை. இன்றும் தமிழகத்தில் சாதி பார்த்துப் பிரித்த கல்லறைத் தோட்டங்கள் இருக்கின்றன. அதுவும் தமிழகக் கத்தோலிக்கரில் பெரும்பகுதி தலித் மக்களாக இருக்கும்போது. நற்செய்தியின் இயேசு இதற்கு நேர் எதிர்த் திசையில் நடக்கிறார். தொழுநோயாளியைத் தொட்டுக் குணமாக்குகிறார். வெளியிலிருந்து உள்ளே போவது மனிதனைத் தீட்டுப்படுத்தாது, உள்ளத்திலிருந்து புறப்படும் பேராசையும் வஞ்சகமும் அகந்தையுமே தீட்டு என்கிறார். ஆகவே கத்தோலிக்கப் பொருளில் புனிதம் வளர்கிறதா என்று பார்க்க வேண்டுமானால், நாம் தள்ளி வைக்க நினைக்கும் பொருளையும் ஆளையும் எப்படி நடத்துகிறோம் என்று பார்ப்பதைவிட நேரான வழி இல்லை. கொடுங்கையூரில் அந்தப் பொருள் குப்பை, அந்த ஆள் தூய்மைப் பணியாளர்.

ஒரு வீட்டின் குப்பைப் பையை எடுத்துக்கொள்ளுங்கள். ஞாயிறு பூசைக்குப் போய்வந்து மீன் ஆக்கிச் சாப்பிட்ட வீடு. கறுப்புப் பிளாஸ்டிக் பைக்குள் மீன் செதிலும் குடலும், மிஞ்சிய குழம்பு ஊறிய சோறு, பால் கவர், ஆன்லைனில் வந்த சட்டையின் அட்டைப்பெட்டி, குழந்தையின் டயப்பர், எவர்சில்வர் டம்ளரோடு சேர்ந்து கழுவும்போது உடைந்த கண்ணாடிக் கோப்பையின் சில்லுகள், பாட்டியின் இன்சுலின் ஊசி. வாயை இறுக்கி முடிச்சுப் போட்டாயிற்று. திங்கட்கிழமை காலை பேட்டரி வண்டி பாட்டுப் போட்டுக்கொண்டு வருகிறது. ஓட்டி வந்த பெண் அந்தப் பையை வாங்கி, முடிச்சை அவிழ்த்து, கையை உள்ளே விடுகிறார். பிரிக்காத குப்பையைப் பிரிக்க வேண்டியது அவர் பொறுப்பு. கையுறை இருந்தால் அதையும் கிழிக்கும் சில்லு. இல்லாவிட்டால் கேட்கவே வேண்டாம். அவர் கண்ணுக்குத் தப்பியது கிடங்குக்குப் போகிறது. அங்கே கொக்கிக் கம்பியோடு ஏறி இறங்கி, பிளாஸ்டிக்கும் இரும்பும் செம்புக் கம்பியும் பொறுக்கிக் காயலான் கடையில் எடைக்குப் போட்டுப் பிழைக்கிறவரின் காலுக்கு அந்த ஊசி காத்திருக்கிறது. வீட்டில் யாரும் யாரையும் குத்த நினைக்கவில்லை. கெட்டவர்கள் என்று அவர்களைச் சொல்ல முடியாது. அந்தப் பைக்கு மறுமுனையில் ஒரு கை இருக்கிறது என்பது அவர்கள் நினைவில் வரவே இல்லை, அவ்வளவுதான். கத்தோலிக்க மரபு இதற்குக் கடமை தவறுதல் என்று பெயர் வைத்திருக்கிறது. பூசையின் தொடக்கத்தில் சொல்லும் பாவ அறிக்கையில் சிந்தனை, சொல், செயல் மூன்றோடு நிற்காமல் கடமையில் தவறியதையும் சேர்த்து மார்பில் தட்டிக்கொள்கிறார்கள். அந்த நாலாவதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

மக்கும் குப்பை, மக்காத குப்பை, வீட்டு அபாயக் கழிவு என மூன்றாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்பதை 2016 திடக்கழிவு மேலாண்மை விதிகள் ஒவ்வொரு வீட்டுக்கும் சட்டமாக்கின. சட்டத்தை மதிக்கச் சொல்வதற்கு மதம் எதற்கு என்று ஒருவர் கேட்கலாம். இதைவிடக் கூர்மையான ஆட்சேபணை கத்தோலிக்கர்களிடமிருந்தே வரும்: இதெல்லாம் சமூக சேவை, சுகாதாரத் துறை வேலை, புனிதம் என்பது கடவுளோடு உள்ள உறவு, அதைக் குப்பைத் தொட்டிக்கு இறக்கிவிடாதீர்கள். இந்தக் கவலையில் பாதி நியாயம் இருக்கிறது. செபம் இல்லாமல் சேவை மட்டும் செய்தால் திருச்சபை இன்னொரு தொண்டு நிறுவனமாகிவிடும் என்று பிரான்சிஸ் தாமே 2018 ஏட்டில் எச்சரித்தார். ஆனால் அடுத்த மூச்சிலேயே, மற்றவர்களின் சமூக அக்கறையை மேலோட்டமானது, உலகியலானது என்று சந்தேகிப்பதும் அதே அளவு தவறு என்றும் சொன்னார். முதல் பாதியை மட்டும் மேற்கோள் காட்டுகிறவர்கள் அதிகம். 2015-ல் அவர் வெளியிட்ட ‘இறைவா உமக்கே புகழ்’ சுற்றுமடல், நம் பொது வீடான பூமி ஒரு பெரிய குப்பைமேடாகிக்கொண்டு வருகிறது என்று வருந்தியது. பிளாஸ்டிக்கைத் தவிர்ப்பது, தண்ணீரைச் சிக்கனமாகச் செலவழிப்பது, குப்பையைத் தரம் பிரிப்பது போன்ற சின்னச் செயல்களை அன்பின் செயல்களாகவே அது பட்டியலிட்டது. திருத்தந்தையின் சுற்றுமடலிலேயே குப்பைத் தொட்டி வந்துவிட்ட பிறகு, அது புனிதத்துக்குக் கீழானது என்று சொல்ல இடமில்லை.

செபம் எங்கே வருகிறது என்றால், நினைவில்தான் வருகிறது. பையின் மறுமுனையில் இருக்கும் கை நினைவுக்கு வராதது, மனம் ஓடிக்கொண்டே இருப்பதால். இயேசு சபையை நிறுவிய இஞ்ஞாசியார், தம் தோழர்கள் எதை விட்டாலும் நாள்தோறும் செய்யும் ஆன்ம சோதனையை விடக் கூடாது என்பதில் உறுதியாக இருந்தார். இரவு படுக்கும் முன் பத்து நிமிடம் போதும். நன்றி சொல்லி, அன்றைய நாளை மணி வாரியாகத் திரும்பிப் பார்த்து, எங்கே தவறினோம் என்று கண்டு, நாளைக்கு என்ன செய்வது என்று முடிவெடுப்பது. பன்னிரண்டு மணி நேர ஷிப்ட் முடித்து வருகிறவருக்கும் மாதவரத்தில் கன்டெய்னர் லாரி ஓட்டுகிறவருக்கும் ஐம்பத்து மூன்று மணிச் செபமாலையை முழுதாகச் சொல்ல நேரம் கிடைக்காமல் போகலாம், இது கிடைக்கும். ஒரு நிபந்தனை: சோதனை ஸ்தூலமாக இருக்க வேண்டும். ‘நான் பாவி’ என்பது யாரையும் திருத்தியதில்லை. இன்று வீட்டு வேலை செய்கிற அக்காவுக்குச் சம்பளத்தை நாளைக்குத் தள்ளினேனா, பேட்டரி வண்டிக்காரரை ‘ஏய், குப்பை’ என்று கூப்பிட்டேனா, தண்ணீர் கேட்டவருக்குத் தனி டம்ளர் எடுத்தேனா என்று பெயரும் நேரமுமாகக் கேட்டால்தான் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லவும் ஏதாவது இருக்கும். குழந்தை இயேசுவின் தெரேசா இருபத்து நான்கு வயதில் இறந்தபோது பெரிய காரியம் எதையும் சாதித்திருக்கவில்லை. மடத்தில் தமக்குப் பிடிக்காத சகோதரியிடம் சிரித்த முகத்தோடு நடந்துகொண்டது மாதிரியான சின்ன விஷயங்கள்தான் அவருடைய வழி. அந்த வழியை உலகம் முழுக்கப் படித்தார்கள். அவருடைய பெற்றோரும் 2015-ல் புனிதர்களானார்கள். தகப்பன் கடிகாரக் கடைக்காரர், தாய் லேஸ் பின்னி விற்றவர்.

எல்லாவற்றையும்விடக் கனமான ஆட்சேபணை வேறொன்று. உங்கள் வேலையே செபம், உங்கள் துடைப்பமே புனிதம் என்று தூய்மைப் பணியாளரிடம் சொல்வது, அவரை அந்தத் துடைப்பத்தோடேயே கட்டிப்போடுவதாகாதா? அள்ளுகிறவர்களில் மிகப் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட சாதியினராகவே இருக்கும் நாட்டில் இது வெறும் தத்துவக் கேள்வியாக இருக்க முடியாது. மலம் அள்ளும் தொழிலை ஆன்மிக அனுபவம் என்று தலைவர்களே போற்றியதும், அதைக் கேட்டு அந்த மக்கள் கொதித்ததும் நாம் கண்டதுதான். ஆகவே திட்டவட்டமாகச் சொல்ல வேண்டும்: அழுக்கில் உழல்வதைக் கடவுள் விரும்புகிறார் என்று சொல்லும் எந்தப் போதனையும் கத்தோலிக்கப் போதனை ஆகாது. துன்பத்தை ஒப்புக்கொடு என்று ஒருவர் தமக்குத் தாமே சொல்லிக்கொள்ளலாம். அடுத்தவருக்குச் சொல்ல உரிமை கிடையாது. 1891-ல் திருத்தந்தை 13-ம் லியோ வெளியிட்ட ‘ரேரும் நோவாரும்’ தொழிலாளிக்கு நியாயமான கூலியும் சங்கம் அமைக்கும் உரிமையும் உண்டு என்றது. 1981-ல் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால், வேலையின் மதிப்பு அது என்ன வகை வேலை என்பதில் இல்லை, அதைச் செய்கிறவர் மனிதர் என்பதில் இருக்கிறது என்று எழுதினார். இதிலிருந்து பிறக்கும் முடிவு ஒன்றுதான்: மனிதருக்கு உகந்த கூலியும் பாதுகாப்பும் இல்லாத இடத்தில், அந்த வேலையைப் போற்றுவதற்கு முன் நிலைமையை மாற்றப் பாடுபட வேண்டும். அறுவடை செய்தவர்களின் கூலியைப் பிடித்து வைத்தால் அந்தக் கூலியே கடவுளை நோக்கிக் கூக்குரலிடும் என்று யாக்கோபின் திருமுகமே சொல்கிறதே.

2025 ஆகஸ்டில் இது நம் கண்முன் நடந்தது. ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணி தனியாருக்குப் போவதை எதிர்த்து, அங்கே வேலை பார்த்த தூய்மைப் பணியாளர்கள் ரிப்பன் மாளிகை முன் பதின்மூன்று நாள் இரவும் பகலுமாக உட்கார்ந்திருந்தார்கள். பெரும்பாலோர் பெண்கள். 13-ம் தேதி நள்ளிரவில் காவல்துறை அவர்களைக் கைதுசெய்து அப்புறப்படுத்தியது. தனியார்மயம் சரியா தவறா என்பதில் நல்ல கத்தோலிக்கர்கள் இரு பக்கமும் நிற்கலாம். பொருளாதாரக் கொள்கைக்குத் திருமறையில் விடை கிடைக்காது. ஆனால் ராயபுரத்திலும் திரு.வி.க. நகரிலும் காலையில் தன் வாசலைக் கூட்டுகிறவர் எங்கே போனார், ஏன் போனார், அவருக்கு மாதம் என்ன கிடைக்கிறது என்று விசாரிக்கக்கூடத் தோன்றாத ஒருவர், அந்த வாரம் நற்கருணை வாங்கப் போகும்போது கொஞ்சம் தயங்கியிருக்க வேண்டும். பெல்ஜியக் குரு ஜோசப் கார்டைன், 1925-ல் இளந்தொழிலாளர் இயக்கத்தை முறைப்படி தொடங்கியபோது கொடுத்த பாடம் மூன்றே சொல்தான்: பார், சீர்தூக்கு, செயல்படு. அன்பியக் கூட்டங்களில் இந்த முறையைப் பயன்படுத்த வேண்டும் என்பது ஏட்டளவில் பல இடங்களில் இருக்கிறது. நடைமுறையில் செபமாலை, விவிலியப் பகுதி, அறிவிப்பு, டீ-பிஸ்கட் என்று முடிந்துவிடுகிறது.

இன்னொரு ஆட்சேபணை தெருவிலேயே கேட்கும்: நாங்கள் பிரித்துக் கொடுத்தாலும் லாரியில் எல்லாவற்றையும் ஒன்றாகத்தானே கொட்டுகிறார்கள்? பல தெருக்களில் அது உண்மை. மாநகராட்சியின் தவறை மாநகராட்சியிடம்தான் கேட்க வேண்டும், கேட்கவும் வேண்டும். வார்டு அலுவலகத்தில் மனுக் கொடுப்பதும் கவுன்சிலரைப் பார்ப்பதும் ஒரு கிறிஸ்தவரின் கடமைக்கு வெளியே இருப்பதாக யாரும் நினைக்க வேண்டாம். அதற்காக ஊசியையும் கண்ணாடிச் சில்லையும் தனியாகப் பழைய பேப்பரில் சுற்றி, அடையாளம் எழுதிக் கொடுப்பதை நிறுத்த முடியுமா? லாரிக்கு முன்பே ஒரு கை அதைத் தொடுகிறது. பலன் இருந்தால்தான் நல்லது செய்வேன் என்பது வியாபாரக் கணக்கு. அன்பின் கணக்கில் அந்த ஒரு கை போதும்.

இதையெல்லாம் ஒரு இந்துவோ, முஸ்லிமோ, கடவுள் நம்பிக்கையே இல்லாதவரோ செய்ய முடியாதா என்றால், தாராளமாகச் செய்கிறார்கள். பல சமயம் கத்தோலிக்கர்களைவிட நன்றாகச் செய்கிறார்கள். கொடுங்கையூரில் எரிஉலையை எதிர்த்து நின்ற சங்கிலியில் யார் எந்த மதம் என்று யாரும் பார்க்கவில்லை. நல்லதுக்கு ஏகபோகம் கொண்டாடுவது கத்தோலிக்கப் போதனை கிடையாது. ஒரு கத்தோலிக்கருக்கு இதில் கூடுதலாக இருப்பது பெருமை இல்லை, சாக்குச் சொல்ல வழி இல்லாமை. பக்கத்து வியாசர்பாடியில், இத்தாலியிலிருந்து வந்த சலேசிய குரு மந்தோவானி ஏழைகளுக்காகத் தொடங்கிய ‘பீட்டிட்யூட்ஸ்’ இல்லம் இருக்கிறது. அவர் இறந்தது 1967-ல். அவர் குரு, அவருக்குச் சபையின் ஆதரவு இருந்தது என்று சொல்லித் தப்பிக்கலாம். வின்சென்ட் தே பவுல் சபையை 1833-ல் தோழர்களோடு தொடங்கிய ஓசானாம் மாணவர். பிறகு பேராசிரியர், கணவர், தகப்பன். அந்தச் சபையின் கிளை நம் பங்குகள் பலவற்றிலும் இருக்கிறது. ஏழைகளை அவர்கள் வீட்டுக்கே போய்ப் பார்ப்பதுதான் அதன் அடிப்படைப் பணி. ஓசானாமிடம் சொல்லச் சாக்கு எதுவும் மிச்சமில்லை.

கடைசியாகக் கோயில்களைப் பற்றியே ஒரு வார்த்தை. கொடியேற்றம் முதல் தேர்பவனி வரை பத்து நாள் திருவிழா முடிந்த மறுநாள் காலை, கோயில் வளாகத்தைப் போய்ப் பாருங்கள்: பிரியாணி ஒட்டிய பிளாஸ்டிக் பூசிய தட்டு, தண்ணீர் பாக்கெட், ஜிகினாத் தாள், பிளெக்ஸ் பேனர். எல்லாம் சேர்ந்து ஒரே லாரியில் ஏறுகிறது. புனிதரின் பெயரால் எழுந்த குப்பை அது. வடசென்னைப் பங்குகள் அடுத்த திருவிழாவுக்குக் கணக்குப் போடும்போது, பட்டாசுக்கும் மின்விளக்குக்கும் ஒதுக்குகிற தொகையோடு இரண்டு இனங்களைச் சேர்த்துக்கொள்ளலாம்: வளாகத்திலேயே மக்கும் குப்பையை உரமாக்க ஒரு குழி, பத்து நாளும் கூட்டி அள்ளுகிறவர்களுக்குப் பேசிய கூலியோடு கையுறையும் காலணியும். விழா விருந்தில் அவர்களுக்கும் மற்றவர்களோடு ஒரே பந்தியில் இலை போடுங்கள். நவம்பர் 3 மார்ட்டின் தே போரஸின் திருநாள். அன்றைக்குக் காலைப் பூசையில், உங்கள் தெருவைக் கூட்டுகிறவரின் பெயரைச் சொல்லி ஒரு மன்றாட்டு வையுங்கள். பெயர் தெரியாது என்றால், அதற்கு முந்தைய வாரமே போய்க் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.